நாற்பது ரூபாய்க்குள்

அந்தப் பங்கு ஏழு மாதமாக நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. மென்பொருள் எழுதி வெளிநாட்டுக்கு விற்கிற ஒரு கம்பெனி. கீழே போனால் ஆயிரத்து நானூற்று எண்பது, மேலே போனால் ஆயிரத்து ஐந்நூற்று இருபது. அந்த நாற்பது ரூபாய்க்குள் அது ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். சந்தையில் மற்றதெல்லாம் குதித்தாலும் விழுந்தாலும் அது தன் பாட்டுக்கு இருந்தது. எனக்கு அது பிடித்துப்போனதற்குக் காரணமே அதுதான்.

நான் மட்டாஞ்சேரியில் மிளகுத் தரகு செய்கிறவன். பாலக்காட்டிலிருந்து இங்கே கணக்கெழுத வந்த குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. வீட்டில் பேசுவது தமிழ், பஜாரில் பேசுவது மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து எனக்கே விளங்காத ஒன்று. கோபம் எனக்கு அடிக்கடி வரும். காயலை ஒட்டிய ஒரு பழைய மிளகுக் கிட்டங்கியில் எனக்கென்று ஒரு மேஜையும் ஒரு மின்விசிறியும் உண்டு. கிட்டங்கியின் முதலாளி என்னைவிட இருபது வயது இளையவர், அவருடைய அப்பா போனபிறகு எடுத்து நடத்துகிறார். மலையோரத்திலிருந்து மிளகு கொண்டுவருகிறவர்களுக்கும் அதை வாங்கி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கும் நடுவில் நின்று விலை பேசி முடிப்பது என் வேலை.

மிளகு விலை வாரக்கணக்கில் அசையாமல் நின்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பணமுள்ள யாரோ ஒருவர் சத்தமில்லாமல் வாங்கி அடுக்குகிறார். சரக்கு உலர்ந்திருந்தால் வருஷக்கணக்கில் கிடக்கும், கெடாது. கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும், விலை தானே வரும். இதை நான் எத்தனையோ முறை கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகவே ஒரு நாள் மத்தியானம் வேலையில்லாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, இந்த மென்பொருள் கம்பெனியின் விலைக்கோடு ஏழு மாதமாகப் படுத்துக் கிடப்பதைப் பார்த்ததும், பழைய சினேகிதனைக் கண்ட மாதிரி இருந்தது. மென்பொருள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. நிற்கிற விலையைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

முதலில் என் சொந்தப் பணம்தான். கொஞ்சம். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூறில் வாங்குவேன், ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினைந்தில் விற்பேன். எட்டு முறை வாங்கினேன், எட்டு முறையும் விற்றேன். ஒரு தடவைகூடக் கையைச் சுடவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் காத்திருந்தால் போதும். கிட்டங்கியில் காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கும் நேரத்தில் நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பதைப் பார்த்து இளைய முதலாளி சிரிப்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அந்த வயதில் புதிதாக ஒரு கெட்டிக்காரத்தனம் வந்துவிட்டது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போது எனக்கே என்னை ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போல இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் வாயால் சொன்ன விலைதான் விலை. போனில் பேசுவோம், ஒரு எண்ணைச் சொல்வோம், முடிந்தது. கையெழுத்து கிடையாது. அரைமணி நேரத்தில் விலை சரிந்தாலும் சொன்ன விலைக்கு எடுத்தாக வேண்டும். ஒருமுறை பின்வாங்கினால் அடுத்த நாள் காலை தெருமுனைச் சாயாக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் நம்மைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்துவார்கள். தொழிலுக்கு வந்த இரண்டாம் வருஷம், சொன்ன விலைக்கு நின்று மூன்று மாதத்துத் தரகை இழந்தேன். அதிலிருந்துதான் எனக்கு இங்கே பெயர். அதன்பின் இருபத்தெட்டு வருஷத்தில் ஒருதடவைகூடச் சொன்ன எண்ணிலிருந்து நான் இறங்கியதில்லை. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைப்பானேன்.

பங்கு வாங்கும்போது அந்தப் போன் ஒரு கேள்வி கேட்கும். விலை இறங்கினால் எந்த இடத்தில் நஷ்டத்தை நிறுத்தி விற்றுவிட வேண்டும் என்று ஒரு சின்னக் கட்டம். ஸ்டாப் லாஸ் என்பார்கள். அதில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டால், விலை அங்கே வந்ததும் நம்மைக் கேட்காமலே விற்றுவிடும். நான் அந்தக் கட்டத்தை எப்போதும் காலியாகவே விட்டேன். ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினைந்துக்கு விற்பேன் என்று மனதில் ஒரு விலை சொல்லிவிட்டு, அதே மூச்சில் ஆயிரத்து நானூற்று எழுபதுக்கு ஓடிவிடுவேன் என்று எழுதிவைப்பதா? வாக்குக் கொடுக்கும்போதே அதை மீறுவதற்கும் ஏற்பாடு செய்கிற மாதிரி அது எனக்குப் பட்டது. வெறும் மனதில் மட்டுமல்ல, நான் அந்த விலையை வாய்விட்டே சொல்வேன். மேஜையில் உட்கார்ந்து, "ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினைந்து" என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன். பழக்க தோஷம்.

என் அக்கா திருப்பூணித்துறையில் வாடகை வீட்டில் இருந்தாள். அத்திம்பேர் போய் மூன்று வருஷம். குழந்தைகள் இல்லை. வீட்டுச் சொந்தக்காரரின் மகன் வளைகுடாவிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருவதால் கர்க்கடகம், அதாவது ஆடி, முடிவதற்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அக்காவும் செய்கிறேன் என்று சொல்லிவிட்டாள். கோவிலுக்கு நடந்துபோகிற தூரத்தில் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன பிளாட்டை விலை பேசி முடித்திருந்தாள். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியருடையது. அத்திம்பேரின் பணம், அவள் நகைகளில் பாதியை விற்ற பணம், எல்லாம் சேர்த்தால் பிளாட்டின் விலைக்குச் சரியாக இருந்தது. மேலே நூறு ரூபாய்கூட இல்லை.

பணம் வைகாசியில், இங்கத்துக் கணக்கில் இடவ மாதத்தில், மழை தொடங்கும்போதே தயாராகிவிட்டது. ஆனால் ஆசிரியரின் மகளும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது, அவள் வெளிநாட்டிலிருந்து மிதுனம் கடைசியில்தான் வந்தாள். மூன்று நாளில் கர்க்கடகம். கர்க்கடகத்தில் வீடு வாங்குவதாவது! அக்கா கேட்கவே மாட்டேன் என்றாள். சிங்ஙம், அதாவது ஆவணி, ஒன்றாம் தேதிக்குப் பதிவு என்று முடிவாயிற்று. ஆசிரியரும் சரி என்றார், அவரும் அப்படித்தான் நினைக்கிறவர். ஆக, பணம் மழைக்காலம் முழுவதும் சும்மா கிடந்தது, அதுவும் என் கணக்கில். இடவத்திலேயே அக்கா என்னை வரச்சொல்லிப் பேசியிருந்தாள்.

"டேய், நேக்கு இந்தப் போனை நினைச்சாலே பயமா இருக்கு. தினம் யாராவது கூப்பிடறா. போலீஸ்ங்கறான், பாங்குங்கறான். பக்கத்தாத்து மாமிக்கு உள்ளதெல்லாம் போச்சு, கேட்டயா. பைசா உன் கணக்குல கிடக்கட்டும்."

"ஏதாவது எழுதித் தரட்டுமா அக்கா?"

"பேப்பரா? ஊரெல்லாம் உன் வாக்கை நம்பித் தொழில் பண்ணறா. நேக்கு மட்டும் பேப்பர் வேணுமாக்கும்! பதிவுக்கு முதல் நாள் எடுத்துத் தந்தா போரும்."

"பதிவுக்கு முதல் நாள் உன் கையில இருக்கும்," என்றேன். அதையும் வாய்விட்டுத்தான் சொன்னேன்.

மூன்று வாரம் அதைத் தொடவில்லை. நல்லவன் என்பதற்காக இல்லை, அப்போது பங்கு மேலே ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினெட்டில் இருந்தது, வாங்க வேளை வரவில்லை. அது நானூற்றுத் தொண்ணூறுக்கு இறங்கி வந்த நாளில் என் சொந்தப் பணத்தில் வாங்கிவிட்டு, கணக்கில் மிச்சம் கிடந்த அக்காவின் பணத்தைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய தொகை சும்மா கிடக்கிறதே, பத்து நாளில் இருபத்தைந்து ரூபாய் ஏறுமே, அந்த லாபத்தை அக்காவுக்கே கொடுக்கலாமே என்று தோன்றியது. தப்புப் பண்ணுகிறவன் யாரும் தனக்காகப் பண்ணுவதில்லை, எல்லாரும் அக்காவுக்காகத்தான் பண்ணுகிறார்கள். ஒன்பது நாளில் ஐந்நூற்றுப் பதினைந்து வந்தது. விற்றேன். அந்த லாபத்தில் பிளாட்டுக்கென்று அவளுக்கு ஒரு கிரைண்டர் வாங்கிக்கொண்டு போனேன். தரகு நன்றாகக் கிடைத்தது என்று சொன்னேன். அவள் கிரைண்டரின் பெட்டியைப் பிரிக்கவே இல்லை. புதிய வீட்டில்தான் பிரிப்பேன் என்று மூலையில் வைத்து ஒரு துண்டால் மூடினாள்.

ஞாயிறுதோறும் போன் செய்வாள். "பைசா பத்திரமா இருக்கோன்னோ?"

"அசையாம இருக்கு அக்கா."

அது பொய்யுமில்லை. மிதுன மாதத்தில் பங்கு இன்னும் அசைவற்றுப் போயிற்று. நாற்பது ரூபாய் இடைவெளி முப்பதாகி, முப்பது பதினைந்தாகி, சில நாள்களில் காலையிலிருந்து மாலைவரை நாலு ரூபாய்க்குள்ளேயே கிடந்தது. வாங்குகிறவர்களும் குறைந்தார்கள், விற்கிறவர்களும் குறைந்தார்கள். மற்றவர்கள் எதற்கோ காத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பஜாரில் சில நாள் காலையில் யாரும் யாரையும் விலை கேட்க மாட்டார்கள், போன் அடிக்காது, சுமைதூக்குகிறவர்கள் சாக்கின்மேல் உட்கார்ந்திருப்பார்கள். அந்த மாதிரி நாள்களில் நான் வியாபாரம் பேசவே மாட்டேன். போனில் அதே அமைதியைப் பார்த்தபோது மட்டும் நிம்மதி என்று பெயர் வைத்தேன்.

கர்க்கடகம் பிறந்த நாலாம் நாள் எல்லாப் பணத்தையும், என்னுடையதும் அக்காவுடையதும் சேர்த்து, ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டில் போட்டேன். கடைசித் தடவை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பதினைந்துக்கு விற்றுவிட்டுப் பணத்தை எடுத்து வைத்துவிடலாம், பதிவுக்கு இன்னும் நாலு வாரம் இருக்கிறதே. விலையைச் சொன்னேன். கட்டத்தைக் காலியாக விட்டேன்.

என் மனைவிக்கு எப்படியோ வாசனை அடித்துவிட்டது. சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"அக்கா பைசாவைத் தொடலையே நீங்கோ?"

"அது தனியா இருக்கு."

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ."

"சாப்பிடறச்சே என்ன கேள்வி இது!" என்று கத்தினேன். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தொட்டிருக்கிறேன் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் மழையும் காயலின் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தன. எங்கள் கிட்டங்கியின் பின்கதவு தண்ணீர்ப்பக்கம் திறக்கும். அங்கே கருங்கல் படியில் ஏற்றத்தின்போது தண்ணீர் தொடுகிற இடம் ஒன்று, வற்றும்போது நிற்கிற இடம் ஒன்று, இரண்டுக்கும் பாசிக்கோடு உண்டு. நான் தொழிலுக்கு வந்த நாளாகத் தண்ணீர் அந்த மேல்கோட்டைத் தாண்டிப் பார்த்ததில்லை. அன்று காலை நான் போனபோது தண்ணீர் படியைக் கடந்து, கதவுக்கு அடியில் நுழைந்து, உள்ளே முழங்கால் பாதிவரை நின்றது. மிளகுச் சாக்குகளின் அடிவரிசை முழுவதும் நனைந்துவிட்டது.

இளைய முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். நான் பதறிப்போய், வெயில் வந்தால் உலர்த்திவிடலாம், நல்ல சரக்காயிற்றே, இரண்டு நாள் பார்க்கலாமே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கர்க்கடகத்தில் வெயிலாம்! அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நனஞ்ஞது போட்டே சேட்டா. பாக்கி நோக்காம்," என்றார்.

நனைந்தது போகட்டும், மிச்சத்தைப் பார்க்கலாம் என்று. அவ்வளவுதான் பேச்சு. அங்கேயே நின்றுகொண்டு மிளகில் எண்ணெய் எடுக்கிற ஒரு தொழிற்சாலைக்குப் போன் செய்தார். அவர்கள் அடிமாட்டு விலை சொன்னார்கள். ஒரு ரூபாய்கூடப் பேரம் பேசாமல் சரி என்றார். பத்துமணிக்குள் நனைந்த சாக்கெல்லாம் லாரியில் ஏறிவிட்டது. விட்டிருந்தால் நனைந்த சாக்கில் பூஞ்சணம் பிடித்து மேல்வரிசைக்கும் ஏறியிருக்கும் என்று சுமைக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். நான் அதைக் கேட்டேன். இந்தச் சின்ன வயதில் என்ன தைரியம் என்று மெச்சவும் செய்தேன். பிறகு மேஜைக்குப் போய், ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு, போனைத் திறந்து என் பங்கைப் பார்த்தேன். ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்று மூன்று. அசையவில்லை.

மூன்று நாள் கழித்து அந்தக் கம்பெனி தன் மூன்று மாதக் கணக்கை வெளியிட்டது. சந்தை மூடியபிறகுதான் வெளியிடுவார்கள். நான் எறணாகுளத்தில் ஒரு வேலையை முடித்துக்கொண்டு படகில் திரும்பி, மட்டாஞ்சேரி படகுத்துறையில் இறங்கும்போது போன் துடித்தது. கணக்கு மோசமில்லை என்றுதான் முதலில் பட்டது. கடைசியில் ஒரு வரி இருந்தது. அவர்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளர் அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அதை நான் நாலு தடவை படித்தேன். குடை இருந்தும் விரிக்கவில்லை. சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியபிறகுதான் மழை பெய்கிறதென்றே தெரிந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கே கிட்டங்கிக்குப் போய்விட்டேன். ஒன்பதே காலுக்குத் திரையில் வந்த எண் ஆயிரத்து முன்னூற்று நாற்பத்திரண்டு. ஆயிரத்து நானூற்று எண்பது என்கிற அந்தக் கீழ்க்கோட்டில் அது ஒரு நொடிகூட நிற்கவில்லை, அதைத் தொடவே இல்லை. நேற்று இங்கே இருந்தது, இன்று அங்கே இருக்கிறது, நடுவில் எதுவுமில்லை. 

அப்போதே விற்றிருக்கலாம். அக்காவின் பணத்தில் பத்தில் ஒன்று போயிருக்கும். என் பணத்தில் மீந்தது, மனைவியின் வளையல் என்று எதையாவது வைத்து அந்தப் பள்ளத்தை அடைத்திருக்கலாம். விற்கும் பொத்தான் சிவப்பாக இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. பதினைந்துக்கு விற்பேன் என்று சொல்லியிருந்தேன். சொன்ன விலையிலிருந்து நான் இறங்குகிறவன் இல்லை. அந்த நேரத்தில் இது எனக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றவில்லை, நேர்மையாகத் தோன்றியது. விரலை எடுத்துவிட்டேன்.

அதன்பின் தினம் கொஞ்சம் கொஞ்சமாக. ஆயிரத்து இருநூற்று எண்பது. ஆயிரத்து இருநூறு. ஒருநாள் முப்பது ரூபாய் ஏறியது, அன்று அம்பலத்தில் தேங்காய் உடைத்தேன். அடுத்த இரண்டு நாளில் தொண்ணூறு ரூபாய் போயிற்று. வீட்டில் சாதம் இறங்கவில்லை. பஜாரில் யாராவது "எந்தா விசேஷம்" என்று சாதாரணமாக நலம் விசாரித்தால்கூட எரிந்துவிழுந்தேன். ஞாயிறன்று அக்காவின் போன் வந்தபோது, குளிக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன். என் மனைவி போனை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"டேய், மூட்டை கட்டத் தொடங்கணும். உங்க கிட்டங்கியில காலிச் சாக்கு இருக்குமே, பத்துப் பதினஞ்சு கொண்டுவாயேன். பாத்திரம் கட்ட நன்னா இருக்கும்."

கொண்டுபோனேன். பன்னிரண்டு சாக்கை மடித்துக் கட்டி பஸ்ஸில் ஏற்றி, திருப்பூணித்துறை வரைக்கும் காலுக்கடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் முழுவதும் மிளகு வாசனை, பக்கத்தில் இருந்தவர் தும்மிக்கொண்டே வந்தார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உள்ளே போனதும் சொல்லிவிட வேண்டும், செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட வேண்டும்.

அவள் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பிளாட்டைப் படமாக வரைந்து வைத்திருந்தாள். சமையலறை, பூஜை அலமாரி, அத்திம்பேரின் நாற்காலி போடுகிற ஜன்னல். நாற்காலி அந்த ஜன்னலுக்கு அடியில் சரியாக இருக்குமா, மழைச்சாரல் அடிக்குமா என்று என்னைக் கேட்டாள். நான் தாளை வாங்கி, தரகன் சரக்கைப் பார்ப்பதுபோல அக்கறையாகப் பார்த்தேன்.

"கொஞ்சம் தள்ளிப் போட்டா சாரல் அடிக்காது," என்றேன்.

அதைச் சொன்ன வாயை என்ன செய்வது? நாற்காலியைத் தள்ளி வேறு வரைந்து காட்டினேன். பிறகு உட்கார்ந்து அவளோடு சேர்ந்து பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கயிறு கட்டினேன். என் முடிச்சுகள் கெட்டியானவை, பஜார் முடிச்சு. ஒவ்வொரு மூட்டையைக் கட்டும்போதும் இதைக் கட்டி முடித்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டும் கட்டி முடித்து, சாயா குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் பணத்தை எடுத்தது இல்லை. அந்த மத்தியானம்தான்.

பங்கு தொள்ளாயிரத்து எண்பதில் வந்து நின்றது. நின்றது என்றால் பழையபடி நின்றது. தொள்ளாயிரத்து எழுபதுக்கும் தொள்ளாயிரத்துத் தொண்ணூறுக்கும் நடுவில் சின்னதாக ஏறி இறங்கிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி. பணத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. சிங்ஙத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

அக்காவின் வீட்டில் சுவரில் ஒன்றும் மிச்சமில்லை. படம் மாட்டியிருந்த ஆணிகளைக்கூடப் பிடுங்கிவிட்டிருந்தாள். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, பைசா முழுசா இல்லை."

அவளுக்குப் புரியவில்லை. பாங்கில் ஏதோ தாமதம் என்று நினைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பங்கு, நாற்பது ரூபாய், கிரைண்டர், மழை, படகுத்துறை. கேட்கக் கேட்க அவள் முகம் வேறொருத்தியின் முகமாக ஆயிற்று. அத்திம்பேர் போன அன்று ஆஸ்பத்திரியில்தான் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

"எறங்கத் தொடங்கினப்பவே வித்திருக்கலாமே?"

"விக்கலாமாயிருந்தது."

"பின்ன என்னடா?"

"சொன்ன விலை வரலை அக்கா."

"யார்கிட்டடா சொன்னே?"

யாரிடம் சொன்னேன்? மேஜையிடம், போனிடம், மின்விசிறியிடம். அந்தப் பக்கத்தில் ஒரு மனிதன்கூட இல்லை. நான் பின்வாங்கியிருந்தால் சாயாக்கடையில் யாரும் பேச்சை நிறுத்தியிருக்க மாட்டார்கள். இருபத்தெட்டு வருஷத்துக் கர்வத்தை எடுத்துக்கொண்டுபோய், கேட்க ஆளே இல்லாத இடத்தில் காப்பாற்றியிருக்கிறேன்.

"நேக்கும் ஒண்ணு சொன்னியே," என்றாள். கையிலிருந்த கயிற்றுக் கண்டைத் தூக்கி என்மேல் எறிந்தாள். அது என் மார்பில் பட்டு உருண்டு, அவிழ்ந்துகொண்டே மூலைவரை போயிற்று. பிறகு தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் பக்கத்தில் போகவில்லை. போக எனக்கு என்ன அருகதை.

வீட்டுக்காரரிடம் ஒரு மாதம் கேட்டுப் பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

"நான் காலி பண்ணறேன்னு சொல்லியாச்சு. அவாத்துப் பிள்ளை வந்து எங்க நிப்பான்?" என்றாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு. சொன்ன நாளில் சாவியைக் கொடுத்தாள். அந்த ஆசிரியர் நல்லவர், கொடுத்திருந்த சின்ன முன்பணத்தைத் திருப்பித் தந்தார். பத்து நாளில் பிளாட் வேறொருவருக்குப் போய்விட்டது.

சிங்ஙம் ஒன்றாம் தேதி அக்கா பன்னிரண்டு மூட்டையோடும் பிரிக்காத கிரைண்டரோடும் மட்டாஞ்சேரியில் என் வீட்டுக்கு வந்தாள். மூட்டைகளை முன்னறையில் அடுக்கினோம். அறை கிட்டங்கி மாதிரி ஆயிற்று, சாக்கிலிருந்து மிளகு வாசனை வீடு முழுவதும் பரவியது. ஒரு மூட்டையையும் அவிழ்க்க அவள் விடவில்லை. என் மனைவி கொடுத்த தட்டில் சாப்பிட்டாள், என் மனைவி கொடுத்த டம்ளரில் சாயா குடித்தாள். என்னோடு பேசவில்லை.

அதற்கடுத்த திங்கள்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எப்போ தொறக்கும்?"

"ஒம்பதே கால்."

"வில்லு."

காத்திருந்தோம். தொள்ளாயிரத்து எண்பத்து நாலு. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. அழுத்துவதற்கு இவ்வளவு கொஞ்சம்தான் வேண்டும் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாமல் இருந்தது. என் பணத்தையும் சேர்த்து எல்லாம் அவள் கணக்குக்குப் போகும் என்று சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

"செரி. பாக்கி எத்தனை மாசம்?"

"என்ன அக்கா?"

"கொறையறதை நீ சம்பாதிச்சுத் தர எத்தனை மாசம் ஆகும்? ஒரு எண் சொல்லு. நீ சொன்னா அதுவரைக்கும் மூட்டையை அவுக்காம இருக்கேன்."

நாள் முழுக்க எண் சொல்லிப் பிழைக்கிறவன் நான். மிளகு நல்லபடியாக வந்தால் இத்தனை தரகு, வீட்டுச் செலவு போக இத்தனை மிச்சம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். இருபத்து நாலு என்று ஒரு எண் வந்தது, அதை நம்ப முடியவில்லை. நாற்பது என்று வந்தது, அதையும் நம்ப முடியவில்லை. அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் என் மனைவியும் நின்றாள். நான் எதையும் சொல்லவில்லை.

அக்கா எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து, முதல் மூட்டையின் கயிற்றை அறுத்தாள்.